செர்பென்டினைட் எங்கே தண்ணீர் குடித்தது?

கேள்வி இதுதான்: செர்பென்டினைட் என்ற பச்சைப் பாறையைக் கையில் எடுத்து, "இது மேலோட்டுக்குக் கீழே இருந்த கவசத்தின் துண்டு, இங்கே ஒரு காலத்தில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்ந்திருக்கிறது" என்று புவியியலாளர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரை வைத்து. கவசம் என்பது பூமியின் மேலோட்டுக்கும் உட்கருவுக்கும் இடையிலுள்ள தடித்த பாறை அடுக்கு. அதன் மேற்பகுதி பெரிடோடைட் என்ற பாறையால் ஆனது. அதில் பெரும்பங்கு ஆலிவின் கனிமம், மீதி பெரும்பாலும் பைராக்சீன். இவற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. செர்பென்டினைட்டிலோ எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அது ஈரமாகத் தேங்கி நிற்கும் நீரல்ல, படிக அமைப்புக்குள்ளேயே பூட்டப்பட்ட நீர். வறண்ட கவசப் பாறைக்கு இவ்வளவு தண்ணீர் எங்கே, எந்த வெப்பத்தில், யாரிடமிருந்து கிடைத்தது என்று விசாரிப்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. பாறை எப்படி மேலே வந்தது என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அது எங்கே தண்ணீர் குடித்தது என்பது.

முதலில் வேதியியல். ஆலிவினும் பைராக்சீனும் தண்ணீரோடு சேரும்போது செர்பென்டைன் கனிமங்கள் உருவாகின்றன. குறைந்த வெப்பத்தில் லிசார்டைட், கிரைசோடைல். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆன்டிகோரைட். இதுவே ஒரு வெப்பமானி. லிசார்டைட் மட்டும் உள்ள கல் பெரிய வெப்பத்தைக் கண்டதில்லை. ஆன்டிகோரைட் நிறைந்த கல் ஆழத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஆலிவினில் உள்ள இரும்பு தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேக்னடைட் ஆகிறது, ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. அதனால்தான் பல செர்பென்டினைட்கள் காந்தத்தை இழுக்கின்றன. பாறையின் அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராமிலிருந்து சுமார் 2.6 ஆகச் சரிகிறது. கல் ஊதிப் பெருக்கிறது, விரிசல் விடுகிறது, மென்மையாகிறது. விரலால் தேய்த்தால் சோப்பு போல வழுக்கும்.

இவ்வளவு மாறினால் பழைய கவசத்தின் அடையாளம் எப்படி மிஞ்சும்? இங்கேதான் இந்தப் பாறை எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது. கனிமங்கள் மாறினாலும் அவற்றின் வடிவங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வலைபோன்ற ஓர் அமைப்பு தெரியும். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு காலத்தில் ஆலிவின் இருந்தது; அது வெடித்த கோடுகளின் வழியே தண்ணீர் நுழைந்தது; அந்தக் கோடுகளில் மேக்னடைட் பொடி வரிசையாக நிற்கிறது. பைராக்சீன் இருந்த இடத்தில் அதே உருவத்தில், அதே பிளவுக்கோடுகளோடு, பளபளக்கும் செர்பென்டைன் உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி குரோம் ஸ்பினல். கருஞ்சிவப்பாக, அளவில் சிறியதாக இருக்கும் இந்தக் கனிமத்தின் நடுப்பகுதியைத் தண்ணீர் எளிதில் அசைப்பதில்லை. கவசம் உருகும்போது அலுமினியம் உருகிய குழம்போடு போய்விடும், குரோமியம் பின்தங்கும். ஆகவே ஸ்பினலில் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த மொத்தத்தில் குரோமியத்தின் பங்கைக் கணக்கிட்டால், அந்தக் கவசத் துண்டிலிருந்து எவ்வளவு குழம்பு வடிந்து போனது என்று தெரியும். தட்டுகள் விலகிப் புதுக் கடல்தளம் பிறக்கும் நடுக்கடல் முகடுகளின் கவசத்தில் அந்த விகிதம் பெரும்பாலும் 0.6-ஐத் தாண்டுவதில்லை. அமிழும் தட்டுக்கு மேலே இருக்கும் கவசத்தில் 0.7, 0.8 என்றுகூடப் போகும், ஏனென்றால் அங்கே கீழிருந்து வரும் நீர் உருகுநிலையைக் குறைத்து இன்னும் அதிகமாக உருக வைக்கிறது. முழுக்கப் பச்சையாக மாறிய ஒரு கல்லுக்குள், மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மணி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த உருகலின் அளவைச் சொல்கிறது.

சரி, தண்ணீர் குடிக்கும் இடங்களுக்கு வருவோம். முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, நடுக்கடல் முகடு. 1962-ல் ஹாரி ஹெஸ் கடல்தளம் விரிவதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கடலடி மேலோட்டின் பெரும்பகுதியே செர்பென்டினைட்டாக மாறிய கவசம்தான் என்று முன்வைத்தார். வேகமாக விரியும் முகடுகளுக்கு அது பொருந்தவில்லை, அங்கே உருகிய குழம்பு உறைந்து உருவான பசால்ட்டும் கேப்ரோவும்தான் அடுக்காக இருக்கின்றன. ஆனால் அட்லாண்டிக் நடுமுகடு போல மெதுவாக விரியும் இடங்களில், பெரிய பிளவுகள் கவசத்தை நேராகக் கடல்தளத்துக்கே இழுத்து வந்துவிடுகின்றன. அங்கே ஹெஸ் சொன்னதில் கணிசமான உண்மை இருக்கிறது. அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற கடலடி மலை இதற்கு நல்ல உதாரணம். 2000 டிசம்பரில் அங்கே 'லாஸ்ட் சிட்டி' என்று பெயர் பெற்ற வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சுண்ணப் பொருளாலான வெள்ளைக் கோபுரங்கள், உயரமானது 60 மீட்டர். அவற்றிலிருந்து வரும் நீரின் வெப்பம் 40 முதல் 90 டிகிரி, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9 முதல் 11. அதில் ஹைட்ரஜனும் மீத்தேனும் நிறைய. மேலே சொன்ன வேதிமாற்றம் இப்போதும் நடந்துகொண்டிருப்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டியதில்லை. 2023-ல் 'ஜோய்டீஸ் ரெசல்யூஷன்' கப்பல் அதே மலையில் 1,268 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு, பெரும்பாலும் செர்பென்டினைட்டாக மாறிய கவசப் பாறையை நீளமான உருளைகளாக எடுத்து வந்தது. கவசப் பாறையில் அதற்கு முன் யாரும் அவ்வளவு ஆழம் துளைத்ததில்லை.

இரண்டாவது இடம், தட்டு அமிழத் தொடங்கும் ஆழ்கடல் பள்ளமான அகழிக்குச் சற்று வெளியே. அமிழப் போகும் கடல்தட்டு அங்கே வளைகிறது, வளையும்போது மேற்புறம் விரிசல் விடுகிறது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா கரைக்கு அப்பால் எடுத்த நிலநடுக்க அலைப் படங்களில் இந்த விரிசல்கள் மேலோட்டைத் தாண்டிக் கவசம் வரை இறங்குவது தெரிந்தது. 2003-ல் அது வெளியானது. அவற்றின் வழியே கடல்நீர் கீழே போகிறது. தட்டு ஆழத்துக்குக் கிளம்பும் முன்பே தன் கவசப் பகுதியில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போகிறது.

மூன்றாவது இடம் அமிழும் தட்டுக்கு மேலே, மேல்தட்டின் அடியில் ஆப்பு வடிவில் நிற்கும் கவசம். கீழே போகும் தட்டு அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தன் நீரை இழக்கிறது, அது மேலேறி இந்தக் கவச ஆப்பை நனைக்கிறது. இதை நேரில் பார்க்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது: மேற்குப் பசிபிக்கில் மரியானா அகழி.

மரியானாவில் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே பசிபிக் தட்டு மேற்கு நோக்கி அமிழ்கிறது. அகழிக்கும் எரிமலைத் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடல்தளத்தில் பெரிய பெரிய மலைகள் நிற்கின்றன. சில 50 கிலோமீட்டர் அகலம், 2 கிலோமீட்டர் உயரம். பார்ப்பதற்கு எரிமலை மாதிரிதான். ஆனால் இவற்றிலிருந்து வெளிவந்தது நெருப்புக் குழம்பு அல்ல, செர்பென்டினைட் சேறு. ஆழத்தில் கவச ஆப்பு நனைந்து, பிளவுகளில் அரைபட்டு, எடை குறைந்து, மேலேறி வந்து வழிந்திருக்கிறது. 1989-ல் கோனிகல் என்ற கடல்மலையிலும் 2001-ல் தென் சமோரோவிலும் துளையிட்டார்கள். கோனிகல் மலையின் சேற்றுக்குள் இருந்த நீர் கடல்நீரைவிட மிகவும் உப்பு குறைவு, பி.எச். 12-க்கும் மேல். உப்பு ஏன் குறைந்தது? அது மேலிருந்து இறங்கிய கடல்நீர் அல்ல, கீழே தட்டின் கனிமங்கள் உடைந்து விடுவித்த நீர்.

இதைவிட எனக்கு வியப்பு, அந்த நீர் இடத்துக்கு இடம் மாறும் விதம். அகழிக்கு அருகில் உள்ள சேற்றுமலைகளின் நீரில் கால்சியம் அதிகம், கார்பனேட் குறைவு. அகழியை விட்டுத் தள்ளிப் போகப் போக கால்சியம் குறைந்து, பொட்டாசியம், போரான், சல்பேட் ஏறுகின்றன. அகழியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் கீழே தட்டு இருக்கிறது, அவ்வளவு சூடாகவும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மலையின் நீரும் அதன் நேர் அடியில் தட்டு அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதன் மாதிரி. கிணறு தோண்டி எட்ட முடியாத ஆழத்தில் நடப்பதை இந்தச் சேறு கொண்டுவந்து கொடுக்கிறது.

சேற்றோடு கற்களும் வந்தன. அவற்றில் சில புளூஷிஸ்ட் என்ற நீலப் பாறையின் துண்டுகள். மிகுந்த அழுத்தமும் குறைந்த வெப்பமும் சேர்ந்தால்தான் அது உருவாகும், குளிர்ந்த தட்டு வேகமாக ஆழத்துக்குப் போகும் இடம் அதற்குப் பொருத்தமான இடம். 2016 டிசம்பரில் தொடங்கிய அடுத்த துளையிடும் பயணத்தில் இன்னும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: அமிழ்ந்துபோன பழைய கடல்மலைகளின் பசால்ட்டும், அவற்றின் உச்சியில் ஆழமற்ற கடலில் வளர்ந்த பவளத்திட்டுச் சுண்ணப்பாறையும். கீழே போன ஒரு மலையின் துண்டுகள் கவச ஆப்பைத் துளைத்துக்கொண்டு மேலே திரும்பியிருக்கின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிலத்துக்கு வந்தால் பழைய பாறைகள் பேசத் தொடங்கும். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகரையில் டிபுரான் தீபகற்பத்தில் ரிங் மவுண்டன் என்றொரு சிறு குன்று உண்டு. உயரம் 200 மீட்டருக்கும் குறைவு. உச்சிப் பகுதி முழுவதும் செர்பென்டினைட். அதன் சரிவுகளில் அங்கங்கே பெரிய பாறைகள் தனித்தனியாக நிற்கின்றன: புளூஷிஸ்ட், எக்லோஜைட், ஆம்பிபோலைட். இவை சுற்றியுள்ள பாறையோடு எந்த வகையிலும் பொருந்தாதவை. கடலடி பசால்ட் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய் உருமாறினால்தான் எக்லோஜைட் மாதிரி ஒன்று கிடைக்கும். இந்தத் தீபகற்பத்தில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு 1895-ல் லாசனைட் என்று பெயரிட்டார்கள், பெர்க்லியின் பேராசிரியர் ஆண்ட்ரூ லாசனைச் சிறப்பிக்கும் விதமாக. அதற்குள் சுமார் 11 சதவீதம் நீர் இருக்கிறது. அதுவும் குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த இடத்தில் உருவாகும் கனிமம். தட்டுகள் நகர்கின்றன என்ற கருத்தே பிறக்காத காலத்தில், தட்டு அமிழ்ந்ததற்கான சிறந்த அடையாளங்களில் ஒன்றுக்கு ஒருவர் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பெரும்பாறைகளை நெருங்கிப் பார்த்தால் சிலவற்றைச் சுற்றிப் பச்சையான ஒரு தோல் இருக்கும். ஆக்டினோலைட், குளோரைட், டால்க் கனிமங்களால் ஆனது. பசால்ட்டில் சிலிக்காவும் கால்சியமும் அதிகம், செர்பென்டினைட்டில் மக்னீசியம் அதிகம். இரண்டும் நீர் சூழ ஒட்டி நின்றால் எல்லையில் பரிமாற்றம் நடந்து இந்தத் தோல் உருவாகும். இதிலிருந்து ஒரு பெரிய முடிவு வருகிறது: பாறை மேலே வந்த பிறகு தற்செயலாகச் செர்பென்டினைட்டில் வந்து விழவில்லை, ஆழத்திலேயே இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் எடை குறைந்த, எளிதில் நழுவும் செர்பென்டினைட் அந்தக் கனமான எக்லோஜைட்டைச் சுமந்து மேலேற உதவியிருக்கிறது. ஆனாலும் கலிபோர்னியக் கரையோரச் செர்பென்டினைட்கள் அனைத்தும் கவச ஆப்பிலிருந்து வந்தவையா, சில அமிழ்ந்த கடல்தட்டிலிருந்தே பிய்ந்தவையா என்ற விவாதம் ஓயவில்லை. ஸ்பினல் ஒரு பக்கம் சொல்வதைச் சில இடங்களில் சுவடுத் தனிமங்கள், அதாவது பாறையில் மிகச் சிறிதளவே உள்ள தனிமங்கள், மறுக்கின்றன.

இந்தக் குன்றைப் பற்றி இன்னொன்று. செர்பென்டினைட் மண்ணில் மக்னீசியமும் நிக்கலும் மிகுதி, கால்சியம் குறைவு. பெரும்பாலான செடிகளுக்கு அது ஒத்துவராது. அப்படிப்பட்ட மண்ணுக்குப் பழகிக்கொண்ட டிபுரான் மரிபோசா அல்லி என்ற பூச்செடி உலகில் இந்த ஒரே குன்றில்தான் வளர்கிறது. போகிறவர்கள் பாதையை விட்டு இறங்க வேண்டாம், கல்லை உடைக்கவும் வேண்டாம். கிரைசோடைல் என்பது ஆஸ்பெஸ்டாஸ் வகைகளில் ஒன்று, அதன் தூசியைச் சுவாசிப்பது நல்லதல்ல.

நம் நாட்டில் இதற்கு இணையான இடம் லடாக். இந்தியத் தட்டும் ஆசியாவும் இணைந்த தையலை ஒட்டிச் செர்பென்டினைட் பட்டைகள் போகின்றன. த்சோ மோரிரி ஏரிப் பகுதியில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பிய இந்தியக் கண்டப் பாறைகள் இருக்கின்றன, அவற்றின் விளிம்பில் செர்பென்டினைட். அதன் ஸ்பினல் மிக அதிகமாக உருகிய கவசத்தைக் காட்டுகிறது, அதாவது கவச ஆப்பு. அதோடு அந்தப் பாறையில் ஆர்செனிக்கும் ஆன்டிமணியும் வழக்கத்தைவிட மிக அதிகம். கவசத்தில் இவை அரிது. கடலடிப் படிவுகளில்தான் சேர்ந்திருக்கும். ஆகவே அந்தக் கவசம் குடித்த நீர், அமிழ்ந்துபோன படிவுகளைக் கடந்து வந்த நீர். இதுவரை சொன்ன சாட்சிகளில் எனக்கு மிகவும் நம்பகமானதாகப் படுவது இது. தாதுக்களின் உருவம் ஏமாற்றலாம். ஆர்செனிக்குக்கு வேறு வழி சொல்வது கடினம்.

செர்பென்டினைட் குடித்த தண்ணீரை என்றைக்காவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தட்டோடு ஆழத்துக்குப் போகும் ஆன்டிகோரைட் 650 முதல் 700 டிகிரி அளவில் உடைந்து மறுபடியும் ஆலிவினாகவும் பைராக்சீனாகவும் குளோரைட்டாகவும் மாறுகிறது, பெரும்பகுதி நீர் வெளியேறுகிறது. இந்தத் தருணம் உறைந்து நிற்கும் ஒரு மலை ஸ்பெயினின் தெற்கில், சியரா நெவாடாவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது: செரோ டெல் அல்மிரேஸ், சுமார் 2,500 மீட்டர் உயரம். அதன் சரிவில் ஒரு பக்கம் ஆன்டிகோரைட் செர்பென்டினைட், சில மீட்டர் தள்ளி மறுபக்கம் புதிதாகப் பிறந்த, சென்டிமீட்டர் கணக்கில் நீண்ட ஆலிவின் படிகங்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் வெளியேறிய எல்லைக்கோட்டில் கால் வைத்து நிற்கலாம்.

வெளியேறிய நீர் மேலே கவசத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது, அதுதான் ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு அடிப்படை. நிலநடுக்கத்திலும் அதன் கை இருக்கலாம். 1978-ல் வடகிழக்கு ஜப்பானின் அடியில் அமிழும் தட்டில் நிலநடுக்கங்கள் இரண்டு தளங்களில் நடப்பது தெரிந்தது, இடைவெளி 30 முதல் 40 கிலோமீட்டர். கீழ்த்தளம் தட்டின் கவசப் பகுதிக்குள் இருக்கிறது. அவ்வளவு ஆழத்தில் பாறை உடையக் கூடாது, இளகி வளையத்தான் வேண்டும். செர்பென்டைன் நீரை விடுவிக்கும் வெப்ப எல்லையும் இந்தத் தளமும் பல இடங்களில் ஒத்துப்போவதால், நீர் வெளியேறுவதே உடைவைத் தூண்டுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆய்வுக்கூடச் சோதனைகள் எல்லாம் இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேலே நின்றபடியே செர்பென்டினைட்டைக் காணவும் முடியும். நிலநடுக்கத்தின் முதன்மை அலை பெரிடோடைட்டில் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும், செர்பென்டினைட்டில் அது வெகுவாகக் குறையும். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அடியில் மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையே வழக்கமாகத் தெரிய வேண்டிய எல்லை ஓரிடத்தில் மங்கி, பிறகு தலைகீழாகத் தெரிவதாக 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. கீழே இருக்கும் கவசம் நனைந்து, மேலோட்டைவிடவும் மெதுவான பாறையாகிவிட்டது என்பதே அதன் விளக்கம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பச்சையாக, வழுக்கலாக இருக்கும் எல்லாமே பழைய கவசம் அல்ல. உருகிய குழம்பு அடியில் தேங்கும்போது ஆலிவின் படிகங்கள் படிந்து டியூனைட் என்ற பாறை உருவாகும். அதுவும் நீர் பட்டால் செர்பென்டினைட்டாகும். சேலத்தில் மாக்னசைட் என்ற மக்னீசியக் கார்பனேட் கனிமத்தின் சுரங்கங்களில் வெள்ளை நரம்புகள் ஓடுவது டியூனைட்டில்தான். நீரோடு கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வினைபுரிந்த கதை அது. ஆனால் மாக்னசைட்டைக் கண்டதும் இங்கே தட்டு அமிழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் குழப்பம் மிகவும் கனமாக விழும் இடம் கிரீன்லாந்தின் இசுவா. அங்கே 370 முதல் 380 கோடி ஆண்டுகள் பழைய பாறைகளுக்கிடையே ஆலிவின் நிறைந்த, பகுதியளவு செர்பென்டினைட்டான வில்லைகள் இருக்கின்றன. அவை கவசத்தின் துண்டுகள் என்றால், தட்டுகள் அமிழ்வது பூமியின் இளமையிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு அவை ஆதாரமாக நிற்கும். குழம்பின் அடியில் படிந்த டியூனைட் என்றால் அந்த வாதத்தின் ஒரு தூண் போய்விடும். இரு தரப்பும் கையில் வைத்திருப்பது ஒரே பாறைகள்தான். ஸ்பினலில் குரோமியத்தின் பங்கு, பிளாட்டினக் குழுத் தனிமங்களின் விகிதம், சுற்றியுள்ள பாறையோடு உள்ள தொடர்பு என்று ஒவ்வொன்றாக அளந்து இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.